மெதுவாக வளரும் மூளைக்கட்டி, திடீரென வரும் அறிகுறி

“நேற்று வரை தலைவலி என்றுகூடச் சொன்னதில்லையே டாக்டர், எப்படி?” மூளையில் கட்டி என்று ஸ்கேன் சொன்ன நாளில் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்தது வரும்: “ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டதென்றால், வேகமாகப் பரவுகிற கேன்சரா?”

முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது, தவறான கணக்கில் பிறந்தது. அறிகுறி வந்த வேகத்தை வைத்துக் கட்டி வளர்ந்த வேகத்தைச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் இருந்த கட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வலிப்பாக வெளிப்படலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை அன்று கட்டிக்குள் புதிதாக எதுவுமே நடந்திருக்க வேண்டியதில்லை. மூளை அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தது, அன்று முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஏன் முடியாமல் போகிறது என்பதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

புற்றுநோய் அல்லாத மூளைக்கட்டிகளில் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பவை மூன்று. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வளர்வது மெனிஞ்சியோமா. காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பின் உறையில் வளர்வது ஷ்வானோமா. மூளையின் அடிப்பக்கம் அரை கிராம் எடையில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வளர்வது அடினோமா. இவை பெரும்பாலும் அக்கம்பக்கத்தை அரித்துத் தின்பதில்லை, தள்ளிக்கொண்டு வளர்பவை. நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவது மிக மிக அரிது. பெரியவர்களுக்கு மண்டைக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மெனிஞ்சியோமாவுக்குத்தான். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவற்றில் பத்துக்கு எட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் முதல் தரம், அதாவது இருப்பதிலேயே சாதுவான வகை.

இந்தச் சாதுவான கட்டி எத்தனை பேரிடம் தெரியாமலேயே இருக்கிறது? நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், 45 வயதைத் தாண்டிய சாதாரண மக்கள் 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் 0.9 சதவீதம் பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. நூற்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் காய்கறி வாங்கிக்கொண்டும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக்கொண்டும் இருந்தவர்கள் அவர்கள். இப்படித் தற்செயலாகக் கண்ணில் படும் சிறு மெனிஞ்சியோமாக்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்வதுதான் வழக்கம். பல வளர்வதே இல்லை.

மண்டைக்குள் இருக்கும் இடம்

வயிற்றில் ஒரு கட்டி வளர்ந்தால் வயிறு உப்பி இடம் கொடுக்கும். மண்டையோடு அப்படிக் கொடுக்காது. வளர்ந்த மனிதனின் மண்டைக்குள் சுமார் 1,300 முதல் 1,400 கிராம் மூளையும், அதைச் சுற்றியும் அதன் அறைகளுக்குள்ளும் ஓடும் தெளிந்த நீரும், இரத்தக் குழாய்களில் ஓடும் இரத்தமும் இருக்கின்றன. மூன்றின் கூட்டுத்தொகை மாறாது. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆகவேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783-ல் இதன் அடிப்படையை எழுதினார். அவரது மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-ல் அதை உறுதிப்படுத்தினார். நரம்பு மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இருவரது பெயரும் சேர்ந்தே சொல்லித்தரப்படுகிறது.

கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவர் ஏறுவார்கள். உள்ளே இருப்பவர்கள் பையை மடியில் வைத்துக்கொள்வார்கள், ஓரமாக ஒடுங்குவார்கள், கம்பியைப் பிடித்தபடி ஒருக்களிப்பார்கள். ஏழெட்டு நிறுத்தம் வரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிறகு ஒரு நிறுத்தத்தில் ஒரே ஒருவர் ஏறுவார், பஸ் முழுக்கச் சண்டை. கடைசியாக ஏறியவர் மற்றவர்களைவிடப் பருமனானவர் என்று அர்த்தமில்லை.

மண்டைக்குள் முதலில் ஒதுங்குவது அந்தத் தெளிந்த நீர். மூளைத் தண்டுவடத் திரவம் என்று பாடநூல்கள் சொல்லும் இந்த நீர் எந்த நேரத்திலும் மொத்தம் 150 மில்லிலிட்டர் அளவுக்கு இருக்கும். ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் புதிதாகச் சுரந்து, பழையது இரத்தத்தில் கலந்துவிடும். கட்டி வளர வளர இந்த நீர் முதுகுத்தண்டின் பக்கம் தள்ளப்படுகிறது. அடுத்து, சிரைகளில் இருக்கும் இரத்தம் பிழியப்பட்டு வெளியேறுகிறது. கடைசியில் மூளைத் திசுவே மெல்ல உருமாறி இடம்விடுகிறது. மெதுவாக அழுத்தினால் மூளை ஆச்சரியப்படும் அளவுக்கு வளைந்துகொடுக்கும். அதனால்தான் 5 சென்டிமீட்டர் மெனிஞ்சியோமாவோடு ஒருவர் அலுவலகக் கணக்கை முடித்துவிட்டு வீடு திரும்ப முடிகிறது. அதே அளவு இரத்தக்கட்டு ஒரு மணி நேரத்தில் சேர்ந்திருந்தால் அவர் உயிரோடு இருப்பதே கடினம்.

இந்தச் சமாளிப்பு நடக்கும்வரை மண்டைக்குள் அழுத்தம் ஏறக்குறைய ஏறுவதே இல்லை. படுத்திருக்கும் பெரியவருக்கு 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் என்ற இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும். ஒதுங்க வேண்டியதெல்லாம் ஒதுங்கி முடிந்த பிறகு, கூடுதலாக வரும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் அழுத்தத்தைத் தாவ வைக்கும். வரைபடமாகப் போட்டால், தரையோடு தரையாக வெகுதூரம் போன கோடு செங்குத்தாக நிமிரும்.

இதில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. உருண்டையான கட்டி ஒன்று ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் விட்டம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டராக ஐந்து ஆண்டு. அப்போது அதன் கனஅளவு சுமார் 4 மில்லிலிட்டரிலிருந்து 14 ஆகிறது: கூடுதல் பத்து. அதே கட்டி 4 சென்டிமீட்டரிலிருந்து 5 ஆவதற்கும் அதே ஐந்து ஆண்டுதான். ஆனால் கனஅளவு 33-லிருந்து 65 ஆகிறது: கூடுதல் 32. ஸ்கேன் அறிக்கையில் “ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர்” என்ற எண் கடைசிவரை மாறவில்லை, மூளை இடம்விட வேண்டிய அளவோ மூன்று மடங்காகிவிட்டது. அதுவும் ஒதுங்க இடம் குறைந்துகொண்டே வரும் நேரத்தில். உண்மையில் எல்லாக் கட்டிகளும் இப்படி ஒரே சீராக வளர்வதில்லை, பல பாதியில் வேகம் குறைந்துவிடும். இருந்தாலும் கணக்கின் போக்கு இதுதான்.

வயதும் இதில் விளையாடுகிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு மூளை சற்றே சுருங்கியிருப்பதால் மண்டைக்குள் காலி இடம் கூடுதல். முப்பது வயதுக்காரரைத் தலைவலியில் படுக்க வைக்கும் கட்டியை எழுபத்தைந்து வயதுக்காரர் தாங்கிக்கொண்டு நடமாடுவது இதனால்தான்.

கட்டி அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள மூளை வீங்குவதும் உண்டு. சில மெனிஞ்சியோமாக்கள் அளவில் சிறியவை, சுற்றிலும் உண்டாக்கும் வீக்கமோ அவற்றைப்போல் பலமடங்கு. மருத்துவமனையில் சேர்த்ததும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால், இரண்டு நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவதை வீட்டார் பார்த்து, “மருந்திலேயே சரியாகிவிட்டதே, ஆபரேஷன் எதற்கு?” என்று கேட்பார்கள். வடிந்தது வீக்கம், கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு ஜெனரலின் இடது கால்

லியோனார்ட் வுட் என்ற அமெரிக்கப் படைத் தளபதியின் கதை நரம்பு அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் நன்கு பதிவானது. அடிப்படையில் அவர் மருத்துவம் படித்தவர். கியூபாவில் இராணுவ ஆளுநராக இருந்த காலத்தில், மேசையிலிருந்து சட்டென எழுந்தபோது மேலே தொங்கிய கனத்த சரவிளக்கில் தலை மோதியது. பின்வந்த ஆண்டுகளில் இடது காலில் திடீர் திடீரென இழுப்பு வரத் தொடங்கியது. அந்த இடிக்கும் கட்டிக்கும் தொடர்பு இருந்ததாக நிரூபிக்க முடியாது. இப்படிப்பட்ட கட்டியுள்ள பலரும் பழைய ஒரு அடியை நினைவுகூர்ந்து அதன்மேல் பழியைப் போடுவது வழக்கம்.

காலில் இழுப்பு என்றதும் மூளையை யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில், உச்சந்தலைக்கு நேர்கீழே, எதிர்ப்பக்கக் காலை ஆட்டுவிக்கும் பகுதி இருக்கிறது. வுட்டுக்கு வலப்பக்க மூளை உறையில் வளர்ந்த மெனிஞ்சியோமா அங்கேதான் உட்கார்ந்திருந்தது. 1910-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹார்வி குஷிங் என்ற நரம்பு அறுவை மருத்துவர் அதை அகற்றினார். எம்.ஆர்.ஐ. கிடையாது, சி.டி. கிடையாது. எந்தக் காலில் இழுப்பு தொடங்குகிறது என்பதே வரைபடம். அந்த ஆண்டே வுட் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1920-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குக் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்றார். 1921 முதல் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். அதற்குள் கட்டி மறுபடி வளர்ந்து இடது கால் தளர்ந்துகொண்டே வந்தது. 1927 ஆகஸ்டில் பாஸ்டனில் குஷிங் மீண்டும் அறுவை செய்தார். வுட் பிழைக்கவில்லை. மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922-ல் மருத்துவ உலகுக்குக் கொடுத்தவரும் இதே குஷிங்தான்.

குஷிங் செய்த இரு அறுவைகளுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். மெதுவாக வளர்வது என்றால் இவ்வளவு மெதுவாக. ஆனால் முதன்முதலாக அது தன்னைக் காட்டிக்கொண்டது, சில நிமிடங்களில் வந்துபோன இழுப்பாக.

வலிப்பு

மெனிஞ்சியோமா உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு அறுவைக்கு முன்பே வலிப்பு வந்திருக்கும். கேட்பதற்கு விந்தையாக இருக்கும் ஒன்று: பொதுவாக, சுறுசுறுப்பாக வளரும் கொடிய கட்டிகளைவிட மெதுவாக வளர்பவைதான் வலிப்பைக் கொண்டுவருவதில் முன்னணியில் நிற்கின்றன. மூளையின் மேற்பரப்பை ஆண்டுக்கணக்கில் உரசிக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள நரம்பணுக்களின் இணைப்புகள் மாறுகின்றன. நரம்பணுவைத் தூண்டும் வேதிப்பொருட்களுக்கும் அடக்கும் வேதிப்பொருட்களுக்கும் இடையிலான சமநிலை குலைகிறது. வேகமாக வளரும் கட்டிக்கு இதற்கெல்லாம் அவகாசமில்லை.

இப்படித் தூண்டிவிடப்பட்ட மூளைப்பகுதி எந்நேரமும் வலிப்பை உண்டாக்குவதில்லை. பல ஆண்டுகள் எல்லைக்கு இந்தப்பக்கமே நிற்கும். ஒரு இரவு தூக்கம் கெட்டது, காய்ச்சல், மது, அல்லது எதுவுமே இல்லை, எல்லையைத் தாண்டிவிடும். வலிப்பு மின்சார நிகழ்வு என்பதால் பாதி வலிப்பு என்று ஒன்று மெல்ல மெல்ல முற்றி வருவதில்லை. வந்தால் சட்டென்றுதான் வரும்.

வலிப்பு என்றாலே கீழே விழுந்து கைகால் வெட்டுவது என்ற படம்தான் நம் மனதில் இருக்கிறது. ஒரு கைவிரல் மட்டும் ஒரு நிமிடம் துடிப்பதும் வலிப்புதான். யாரும் எதுவும் எரிக்காதபோது ரப்பர் கருகும் நாற்றம் வருவது, வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்பிப் பயம் கவ்வுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே முப்பது வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பது, இவையும் வலிப்பாக இருக்கலாம். வலிப்புக்குப் பின் ஒரு கையோ காலோ சில மணி நேரம் செயலிழந்து கிடப்பதும் உண்டு. டாட் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் இந்தத் தற்காலிக வாதத்தைப் பக்கவாதம் என்று எண்ணி ஓடிவருவார்கள். ஓடிவருவது சரிதான். எது எது என்று பிரிப்பது ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவரின் வேலை. வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முயல வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு இங்கே அவசியம். நடுவயதில் முதன்முறையாக வலிப்பு வந்து, ஸ்கேனில் ஒரு சிறு உருண்டை தெரிந்தால், அது கட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. இந்தியாவில் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் உண்டாகும் நீர்க்கட்டிகளும், காசநோய்க் கிருமி உண்டாக்கும் முடிச்சுகளும் இதே தோற்றத்தில் வருவது சாதாரணம். இவை மருந்தால் குணமாகக்கூடியவை. இந்த வகைச் சிறு உருண்டைகளை அறுவையின்றி அடையாளம் காண்பது பற்றி உலகம் இன்று பின்பற்றும் அறிவில் கணிசமான பங்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுடையது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு இணையத்தில் தேடி, விடிவதற்குள் ஆயுளைக் கணித்துவிடும் மகன்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்னும் பஸ் நிலையங்களில் பார்க்க முடிகிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது வேறு: சுற்றியுள்ள கூரான பொருட்களை அகற்றுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கூட இருப்பவர் கைப்பேசியில் முப்பது வினாடி காணொளி எடுத்தால், எந்தப் பக்கம் தொடங்கியது என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். அது பத்து நிமிட விவரிப்பைவிட மேலானது.

கட்டிக்குள்ளேயே இரத்தம் கசிந்தால்

இதுவரை சொன்னவற்றில் கட்டி தன்பாட்டுக்கு இருந்தது. பிட்யூட்டரி கட்டி சில நேரம் அப்படி இருப்பதில்லை. கட்டி வளரும் வேகத்துக்கு அதன் இரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்க முடியாமல், உள்ளே ஒரு பகுதி இரத்தமின்றிச் செத்துப்போகும், அல்லது கட்டிக்குள்ளேயே இரத்தம் கசியும். எலும்பாலான சிறு குழிக்குள் இருக்கும் கட்டி சில மணி நேரத்தில் பெருத்துவிடுகிறது. அதற்கு நேர்மேலே இரு கண்களின் நரம்புகள் குறுக்கிடும் இடம். இரு பக்கமும் கண்விழியை அசைக்கும் நரம்புகள். இடி விழுந்ததுபோல் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணிமை தொங்கிப்போவது என எல்லாம் ஒரே நாளில் வரும்.

பார்ப்பதற்கு மூளை இரத்தக்குழாய் வெடித்தது போலவும், சில நேரம் மூளைக்காய்ச்சல் போலவும் இருக்கும். இவர்களில் பலருக்குத் தங்களுக்குப் பிட்யூட்டரி கட்டி இருப்பதே அதுவரை தெரியாது. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சிறு பிட்யூட்டரி கட்டி இருந்திருக்கிறது. அவற்றில் மிகமிகச் சிலவே இப்படி இரத்தம் கசிகின்றன என்பது ஆறுதல். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, பெரிய இதய அறுவை, கர்ப்பம் ஆகியவை தூண்டுதலாக அமையலாம். தூண்டுதல் எதுவுமே இல்லாமலும் நடக்கும்.

இந்த நிலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கட்டியல்ல, சுரப்பி நின்றுபோவதால் உடலில் கார்ட்டிசால் என்ற உயிர்காக்கும் ஹார்மோன் இல்லாமல் போவது. இரத்த அழுத்தம் சரியும், சோடியம் குறையும். அதனால் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத்தான் முதலில் போடுவார்கள், அறுவை தேவையா என்பது அடுத்த பேச்சு. பார்வை போய்க்கொண்டிருந்தால் மூக்கின் வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுக்கிறார்கள்.

நீர் போகும் வழி அடைபட்டால்

அரை லிட்டர் நீர் தினமும் சுரக்கிறது என்று சொன்னேன். அது மூளைக்குள் இருக்கும் அறைகளிலிருந்து மிகக் குறுகலான வாயில்கள் வழியாக வெளியேறுகிறது. அவற்றில் ஒன்றுக்கு, மேலே குறிப்பிட்ட அதே மன்றோவின் பெயர்தான். அந்த வாயிலருகே வளரும் கொலாய்டு நீர்க்கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். உடலின் வேறெந்த இடத்தில் இருந்தாலும் யாரும் சீண்டாத சங்கதி. இங்கே அது வாயிலை அடைத்தால், நீர் சுரந்துகொண்டே இருக்கும், போக வழியிருக்காது. சில மணி நேரத்தில் கடும் தலைவலி, வாந்தி, பிறகு நினைவிழப்பு. உடனே நீரை வெளியேற்றாவிட்டால் மரணமும் நேரலாம். சிலருக்கு அடைப்பு விட்டுவிட்டு வரும். அப்போது கடுமையான தலைவலி வந்து, தானாகவே விடும். இந்த நீர்க்கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 1921-ல்.

பின்மண்டையில், சிறுமூளைக்குப் பக்கத்தில் வளரும் கட்டிகளும் இதே வேலையைச் செய்யும். அங்கே இடமும் குறைவு, நீர் போகும் பாதையும் அதன் வழியாகவே.

அழுத்தம் கூடுவதற்கு இரவு உகந்த நேரம். படுத்த நிலையில் தலையிலிருந்து இரத்தம் இறங்குவது குறைகிறது. தூக்கத்தில் மூச்சு மெதுவாகி இரத்தத்தில் கரியமில வாயு சற்றே கூட, மூளையின் குழாய்கள் விரிகின்றன. விடியற்காலையில் தலைவலியோடு விழிப்பது, குமட்டல் இல்லாமலேயே வாந்தி பீறிடுவது, எழுந்து நடமாடியதும் வலி குறைவது என்ற வரிசை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவர் காது கொடுத்துக் கேட்பார். ஒற்றைத் தலைவலியால் பல்லாண்டு அவதிப்படுபவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். தலைவலிகளில் கட்டியால் வருவது மிகமிகச் சொற்பம். பழகிய தலைவலி பழகிய மாதிரியே வந்தால் அது பழைய தலைவலிதான். குணம் மாறிய தலைவலிதான் கவனத்துக்குரியது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து, பார்வை நரம்பின் தலை வீங்கியிருப்பதைக் கண்டு, நேராக எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கண்ணாடி பவர் மாற்றப் போனவர் அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய் நிற்கும் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

திடீரென வந்ததா, திடீரெனத் தெரிந்ததா?

ஒரு பெண்மணி எப்போதும் கைப்பேசியை வலது காதில் வைத்தே பேசுவார். ஒரு நாள் வலது கையில் கரண்டி. பேசியை இடது காதுக்கு மாற்றுகிறார். எதிர்முனையில் அக்காவின் குரல் கேட்கிறது, சொற்கள் மட்டும் புரியவில்லை. “லைன் சரியில்லை” என்று வைத்துவிடுகிறார். இரண்டாம் நாளும் அதே. இடது காது அன்றைக்குக் கெட்டதா? எட்டாவது நரம்பில் ஷ்வானோமா இருப்பவர்களுக்கு ஒரு பக்கக் கேட்கும் திறன் ஆண்டுக்கணக்கில் கரைகிறது. நல்ல காது அதை மறைத்துக்கொண்டே இருக்கும். பிட்யூட்டரி கட்டியில் இரு கண்களின் வெளிப்புறப் பார்வை மெல்லப் போகும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் தெரியாது. ஸ்கூட்டரில் போகும்போது பக்கவாட்டிலிருந்து வந்தவரை இடித்த பிறகுதான் தெரியும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஷ்வானோமா உள்ள சிலருக்கு உண்மையிலேயே ஒரே இரவில் காது அடைத்துப்போகிறது. காதுக்குப் போகும் இரத்தக் குழாயைக் கட்டி நெருக்குவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அதை அவசரமாகவே எடுத்துக்கொள்வார். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு. காரணம் கட்டியாக இருப்பது சிலருக்கு மட்டுமே, ஆனாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

நெற்றிப் பகுதியில் வளரும் மெனிஞ்சியோமா இன்னும் தந்திரமானது. சாம்பார் தீய்ந்த வாசனை தெரியாது. முன்பு கலகலப்பாக இருந்தவர் எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருப்பார், குளிக்கச் சொன்னால்தான் குளிப்பார். வீட்டார் வயதின்மேலும் ஓய்வு பெற்றதன்மேலும் பழியைப் போடுவார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதப்படுவதும் உண்டு. கடைசியில் ஒரு வலிப்பு வரும்போது எல்லோரும் “திடீரென” என்பார்கள்.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. பல மெனிஞ்சியோமாக்களில் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அதனால் அதுவரை அமைதியாக இருந்த கட்டி கர்ப்பத்தின் பிற்பாதியில் பார்வைக் குறைவாக வெளிப்படுவது உண்டு; பிரசவத்துக்குப் பின் ஓரளவு தணியவும் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் கருத்தடை ஊசியை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்கு, அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று பிரான்ஸ் நாட்டுப் பதிவுகளைக் கொண்டு 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் கிடைப்பது இதே மருந்துதான். மிகச் சிறிய எண் ஐந்து மடங்கானாலும் சிறிய எண்ணே. ஊசியைத் தானாக நிறுத்திவிட்டு வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ள இது காரணமாகாது. ஏற்கெனவே மெனிஞ்சியோமா இருப்பவர் மட்டும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் கையில் வந்த பிறகு

திடீரெனத் தெரிந்ததால் திடீரென அறுத்துவிட வேண்டும் என்பதில்லை. தற்செயலாகக் கிடைத்த சிறு மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் முதல் வைத்தியம் காத்திருப்பதுதான்: ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஆண்டுக்கு ஒன்று, மாறாமல் இருந்தால் இடைவெளி கூடும். பழைய ஸ்கேன் தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஒரு படம் கட்டியின் அளவை மட்டுமே சொல்லும். வேகத்தைச் சொல்ல இரண்டு படம் வேண்டும். தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகள் பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். சில சிறு கட்டிகளுக்கு, கத்தியின்றிக் கதிர்களைக் குவிக்கும் காமா நைஃப் போதும். வலிப்போ, பார்வைக் குறைவோ, வீக்கமோ கொடுக்கும் மெனிஞ்சியோமாவுக்கு அறுவை. முழுவதும் எடுத்துவிட முடிந்தால் பலருக்கு அத்தோடு கதை முடிகிறது. பெரிய இரத்தக் குழாயையோ நரம்பையோ ஒட்டியிருந்தால், கொஞ்சத்தை விட்டுவைப்பதே கெட்டிக்கார மருத்துவர் செய்வது.

காத்திருக்கும் காலத்தில் இரவென்றும் பாராமல் கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு: வாழ்நாளில் கண்டிராத தலைவலி சில வினாடிகளில் உச்சத்துக்குப் போவது, பார்வை மணிக்கணக்கில் குறைவது, முதல் வலிப்பு, ஒரு பக்கம் தளர்வது, தலைவலி வாந்தியோடு தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவது. மருத்துவமனை வாசலில் முதலில் சொல்ல வேண்டியவை, கட்டி இருக்கிறது என்பதும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பதும். வலிப்பு மாத்திரையை “ஆறு மாதமாக வரவில்லையே” என்று நோயாளியே நிறுத்துவதும், வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் விடுவதும் கூடாது. இரண்டையும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.